வடநெம்மேலி இருளர் பாம்புப் பண்ணை: விஷம் எடுக்கறத நேர்ல பார்த்துட்டு எழுதறேன்

எங்க அக்கா பையன் லீவுக்கு வந்திருந்தான், வயசு 11. வந்ததுல இருந்து போன்ல ஒரே பாம்பு வீடியோதான், "உலகத்துலயே கொடிய விஷப்பாம்பு டாப் டென்"ன்னு எத்தனை சேனல்ல போட்டிருக்காங்களோ அத்தனையும் பார்த்து மனப்பாடமே பண்ணிட்டான். "மாமா, ஆஸ்திரேலியாவுல இன்லாண்ட் தைப்பான்னு ஒன்னு இருக்கு, ஒரு கடியில வர விஷம் 100 பேருக்கு போதுமாம்"ங்கறான். சரிதான், எலிக்கு குடுத்து அளந்த கணக்குல தரையில வாழற பாம்புலயே விஷ வீரியம் அதிகம் அதுக்குத்தான். ஆனா அது இருக்கறது குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா எல்லைப் பக்கம் ஆளே இல்லாத வறண்ட மண்ணுல, வெடிப்புக்குள்ள பூந்து எலி தின்னுட்டு கிடக்கும், அது கடிச்சு ஒரு மனுசன் செத்ததா இதுவரைக்கும் பதிவே இல்ல. அவன்கிட்ட இத சொன்னதும் நம்பல. அப்ப எதுதான் மாமா டேஞ்சர்னு கேட்டான். நாளைக்கு காட்டறேன்டான்னு சொல்லி மறுநாள் காலைல கூட்டிட்டு போனதுதான் வடநெம்மேலி.

தெரியாதவங்களுக்கு சொல்றேன், சென்னையில இருந்து ஈசிஆர்ல மாமல்லபுரம் போற வழியில, கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர்ல முதலைப் பண்ணை இருக்குல்ல, அதே வளாகத்துக்குள்ளதான் இந்த இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவு சங்கத்தோட விஷம் எடுக்கற இடமும் இருக்கு. மாமல்லபுரம் பஸ்ல ஏறி முதலைப் பண்ணைன்னு சொன்னா கண்டக்டரே இறக்கி விட்டுடுவார். முதலைப் பண்ணைக்கு எடுத்த டிக்கெட் இதுக்கு செல்லாது, பாம்புக்கு தனியா சின்னதா ஒரு டிக்கெட் எடுக்கணும். முக்காவாசி பேர் முதலையை பார்த்து முடிச்ச களைப்புல இத விட்டுட்டு போயிடறாங்க, என்னைக் கேட்டா முதல்ல இங்க வந்துட்டு அப்புறமா முதலைக்கு போங்க.

உள்ள பெருசா ஒன்னும் இருக்காது, மிருகக்காட்சி சாலை மாதிரி கண்ணாடிக் கூண்டு வரிசை, கலர் லைட் எதுவும் எதிர்பார்க்காதீங்க. நடுவுல ஒரு பள்ளம், சுத்தி குட்டைச் சுவர், சுவரைச் சுத்தி நாம நிக்கணும், பள்ளத்துக்குள்ள வரிசையா மண் பானைங்க, ஒவ்வொரு பானை வாயையும் துணி போட்டு கயிறு கட்டி வெச்சிருப்பாங்க. பார்த்தா பொங்கலுக்கு பானை விக்கற கடை மாதிரி இருக்கும். ஒவ்வொரு பானைக்குள்ளயும் பாம்பு இருக்குன்னு தெரிஞ்ச உடனே பக்கத்துல நின்ன அம்மா ரெண்டடி பின்னால போயிட்டாங்க. ஏன் பானைன்னா, மண் பானை உள்ள குளுகுளுன்னு இருக்கும், இருட்டா இருக்கும், பாம்புக்கு பொந்துல கிடக்கற மாதிரியே இருக்குமாம், இரும்புக் கூண்டுல போட்டா மூஞ்சிய முட்டி முட்டி புண்ணாக்கிக்கும். எவ்வளவு சுலபமான வேலை பாருங்க, ஆனா பாம்பை அறிஞ்சவங்களுக்குத்தான் அது தோணும்.

நாங்க போனப்போ பள்ளத்துல இறங்கினவர் ஒரு இருளர் அண்ணன், நடுத்தர வயசு, சட்டை பேண்ட்டு, கையில ஒரு கொக்கிக் கம்பி, அவ்வளவுதான். கையுறையோ முழங்கால் பூட்ஸோ கிடையாது. மொத்தம் நாலு பாம்பு காட்டினார். நாலே நாலுதான், அதுக்கும் காரணம் இருக்கு. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவுல பாம்பு கடிச்சு சாகறவங்கள்ல பெரும்பாலானவங்கள கொல்றது இந்த நாலுதான், நம்ம ஆஸ்பத்திரில போடற விஷமுறிவு மருந்தும் இந்த நாலு விஷத்துக்குத்தான் தயாரிக்கறாங்க. யாரோ "ராஜநாகம் இல்லையா"ன்னு கேட்டாங்க. அது காட்டுப் பாம்புங்க, மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம், அது கடிச்சு வர கேஸு ரொம்ப அபூர்வம், எங்களுக்கு லைசென்ஸ் இந்த நாலுக்குத்தான்னு சொல்லிட்டு அடுத்த பானைய அவிழ்த்தார்.

முதல்ல நல்ல பாம்பு. பானையச் சாய்ச்சதும் வெளிய வந்து படம் எடுத்து நின்னுச்சு, கூட்டம் மொத்தமும் போனைத் தூக்கிடுச்சு. அண்ணன் சொன்னார், இது படம் எடுக்கறது கடிக்கறதுக்கு இல்ல, "கிட்ட வராத"ன்னு சொல்றதுக்கு, நாம நின்ன இடத்துலயே அசையாம நின்னா அதுவா படத்த இறக்கிட்டு போயிடும்னு. சொன்னபடியே நின்னு காட்டினார், ஒரு நிமிஷம் கூட ஆகல, படத்த சுருக்கி சுவரோரமா நகர ஆரம்பிச்சிடுச்சு. மகுடிக்கு ஆடுமான்னு கேட்டதுக்கு, அதுக்கு வெளிக்காது இல்ல, மகுடி ஆடற ஆட்டத்தத்தான் அது பார்க்குதுன்னு கொக்கிய இப்படி அப்படி ஆட்டி காட்டினார், அதே மாதிரி தலைய திருப்புச்சு. பால் குடிக்கறதும் பழிவாங்கறதும் கூட கேட்டாங்க, எல்லாத்துக்கும் கோவப்படாம பதில் சொன்னார், தினமும் இதே கேள்விதான் வரும் போல. நல்ல பாம்போட விஷம் நரம்பைத் தாக்கும், கண் இமை தானா இறங்கும், பேச்சு குழறும், அப்புறம் மூச்சு நிக்கும், கடிச்ச இடம் வீங்கி கறுத்து சதையும் அழுகும். இவ்வளவுக்கும் சீக்கிரம் போயிட்டா பொழைக்க வைக்கறதுக்கு நல்ல வழி இருக்கற கடியும் இதுதான்.

கண்ணாடி விரியனை கொக்கில தூக்கி வெச்ச உடனே அது விட்ட சத்தம் இருக்கே, குக்கர் விசில் வரதுக்கு முன்னாடி உஸ்ஸுன்னு ஒன்னு வருமே அத நாலு மடங்கா நினைச்சுக்கோங்க. எங்க பையன் என் சட்டையப் பிடிச்சுக்கிட்டான். தடியா, மந்தமா, மலைப்பாம்புக் குட்டி மாதிரி கிடக்கும், உடம்பு முழுக்க சங்கிலி கோர்த்த மாதிரி வட்டம் வட்டமா. மலைப்பாம்புக் குட்டின்னு நினைச்சு கையில தூக்கி செத்தவங்க கதை நிறைய உண்டு. எலி எங்க இருக்கோ அங்க இது, அதனாலதான் நெல் வயல் வரப்புல, வைக்கப்போர் அடியில, கரும்புக் காட்டுல இருக்கும். முட்டை போடாது, குட்டியாவே போடும், 20, 30, 40ன்னு கூட போடும். இதோட விஷம் ரத்தத்துல வேலை செய்யும், ரத்தம் உறையற தன்மையே போயிடும், ஈறுல ரத்தம், சிறுநீர்ல ரத்தம், அப்புறம் கிட்னி. பொழைச்சு வந்தும் டயாலிசிஸ்ல கிடக்கற விவசாயிங்க எங்க ஊர்ப் பக்கமே இருக்காங்க.

சுருட்டை ஒரு சாண், ஒன்றரை சாண் தான் இருக்கும், கையளவு. யாரும் அத சீரியஸா எடுத்துக்கல. ஆனா அண்ணன் இத எடுக்கறப்பதான் ரொம்ப ஜாக்கிரதையா இருந்தார், ஏன்னா உடம்ப எட்டு மாதிரி சுருட்டி செதிலோட செதில் உரசி மரம் அறுக்கற மாதிரி ஒரு சத்தம் போட்டுக்கிட்டே இருக்கு, எப்ப எந்தப் பக்கம் பாயும்னு கணிக்க முடியாது. இந்த சுருட்டைங்க இனம் இங்க மட்டும் இல்ல, பாகிஸ்தான், அரபு நாடுகள், அதோட சொந்தக்கார இனங்கள் ஆப்பிரிக்கா வரைக்கும் இருக்கு, உலகத்துல அதிக மனுசங்களைக் கொல்ற பாம்பு இந்த சுருட்டைக் கூட்டமாத்தான் இருக்கும்னு சொல்ற நிபுணர்கள் நிறைய பேர். டாப் டென் வீடியோவுல இது எட்டாவதா வருதாம், பையன் சொன்னான்.

இப்ப கட்டு விரியன். இத பத்தி எழுதத்தான் நான் உக்காந்தேன்.

அண்ணன் பானையில இருந்து எடுத்து விட்டப்போ அது ஓடல, சீறல, தலையக் கொண்டு போய் தன் உடம்புச் சுருளுக்குள்ளயே ஒளிச்சு வெச்சுக்கிச்சு. கருப்பா, எண்ணெய் தடவின மாதிரி பளபளன்னு, மெல்லிசா வெள்ளைக் கோடு ஜோடி ஜோடியா. பகல்ல இப்படி வெக்கப்பட்டுக்கிட்டு கிடக்கும், ராத்திரி ஆனா வேற பாம்பு இதுன்னார். ராத்திரி இரை தேடி வீட்டுக்குள்ள வரும், தரையில படுத்திருக்கறவங்க பக்கத்துல வரும், புரண்டு படுத்தா கடிக்கும். அதோட பல்லு ரொம்ப சின்னது, கொசு கடிச்ச மாதிரி இருக்கும், இல்ல அது கூட தெரியாது, தூக்கத்துலயே இருந்துடுவாங்க. வீக்கம் இருக்காது, கடிவாய் இருக்காது. விடியக்காலைல வயித்த வலிக்குதுன்னு எழுந்திருப்பாங்க, வாந்தி, தொண்டை அடைக்கற மாதிரி, அப்புறம் கண்ணைத் திறக்க முடியாது. "காலைல எழுந்து காரணமே இல்லாம வயித்து வலி, கண்ணு சொக்குதுன்னு யாராச்சும் சொன்னா, தரையில படுத்திருந்தாங்களான்னு முதல்ல கேளுங்க"ன்னார்.

எனக்கு அங்கயே கண்ணு கலங்கிடுச்சு. எங்க அத்தை, அப்பாவோட தங்கச்சி, திண்டிவனம் பக்கத்துல கிராமம், ஆவணி மாசம், மழை பெஞ்சு விட்டிருந்த ராத்திரி வாசல் திண்ணையில இடம் இல்லன்னு நடையில பாய் போட்டு படுத்தாங்க. விடிகாலம் நாலு மணி சுமாருக்கு வயித்தப் பிசையுதுன்னு எழுந்தாங்க, மாமா ஓமம் கொதிக்க வெச்சுக் குடுத்தார், வாந்தி எடுத்தாங்க, சரியாயிடும்னு படுக்க வெச்சாங்க. அஞ்சரைக்கு கண்ணைத் திறன்னா திறக்க முடியல, தூக்கக் கலக்கம்னு நினைச்சுட்டாங்க. பக்கத்து டவுன்ல ஒரு ஆஸ்பத்திரி, பேரு வேண்டாம், அங்க வயித்துல கேஸ் ட்ரபிள்னு சொல்லி ஊசி போட்டாங்க, யாரும் தரையில படுத்தீங்களான்னு கேக்கல. பேச்சு வரல, எச்சில் முழுங்க முடியலன்னு ஆனதுக்கப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்கன்னு அனுப்பினாங்க, வண்டியிலேயே மூச்சு நின்னுடுச்சு. மறுநாள் பாயை சுருட்டப் போனப்போ மூட்டைத்துணிக்கு அடியில அது கிடந்துச்சு. அப்பத்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. நான் அப்ப பத்தாவது படிச்சுட்டிருந்தேன்.

இத்தனை வருஷம் கழிச்சு, ஒரு பள்ளத்துக்குள்ள நின்னுக்கிட்டு முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் அத்தைக்கு நடந்ததை ஒன்னு விடாம வரிசையா சொல்றார். அந்த ரெண்டு நிமிஷப் பேச்சை அன்னிக்கு எங்க வீட்டுல யாராவது ஒருத்தர் கேட்டிருந்தா போதும். அதனாலதான் இந்த இடத்தப் பத்தி இவ்வளவு நீளமா எழுதறேன்.

ஷோ முடிஞ்சதும் கூட்டம் கலைஞ்சுது, நாங்க போகல, அண்ணன்கிட்ட போய் அத்தைக்கு நடந்தத சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் கட்டு விரியனையும் சுவர்ப் பாம்பையும் எப்படிப் பிரிச்சுப் பார்க்கறதுன்னு தரையில குச்சியால கோடு போட்டுக் காட்டினார். சுவர்ப் பாம்புன்னு ஒன்னு இருக்கு, விஷம் இல்லாதது, வீட்டுச் சுவர்ல ஏறும், அதுக்கும் பட்டை பட்டையா கோடு இருக்கும், கட்டு விரியன்னு சொல்லி அத அடிச்சுக் கொல்றவங்க உண்டு, அத விட மோசம் கட்டு விரியனை சுவர்ப் பாம்புன்னு கையில எடுக்கறது. சுவர்ப் பாம்புக்கு கழுத்துலயே கோடு பளிச்சுன்னு ஆரம்பிச்சு வாலுப் பக்கம் போகப் போக மங்கும். கட்டு விரியனுக்கு தலைப் பக்கம் கோடு இருக்காது, இல்ல மங்கலா இருக்கும், பின்னால போகப் போக தெளிவாகும். முதுகு நடுவுல ஒரு வரிசை செதில் மட்டும் பெருசா இருக்கும், ஆனா அத பார்க்கற அளவுக்கு கிட்ட போகாதீங்கன்னார்.

விஷம் எடுக்கறதப் பத்தி சொல்லவே இல்லையே. ஒரு கண்ணாடிக் குடுவை, வாயில மெல்லிசா ரப்பர் இழுத்துக் கட்டியிருக்கும். பாம்போட தலைக்குப் பின்னால ரெண்டு விரல்ல பிடிச்சு குடுவை விளிம்புல வாயை வெக்கறாங்க, அது ரப்பரைக் கடிக்குது, பல்லு உள்ள இறங்குது, விஷம் குடுவைச் சுவர்ல வழியுது. கண்ணாடி விரியனோடது வெளிர் மஞ்சளா, நல்லெண்ணெய் மாதிரி இறங்குச்சு. கட்டு விரியனுக்கு குடுவை அடியில ஒரு ஈரம் பட்ட மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். கட்டு விரியனும் சுருட்டையும் அவ்வளவு கொஞ்சம்தான் தரும், அதனால ஒரு கிராம் சேர்க்கறதுக்குள்ள எத்தனை பாம்பு பிடிக்கணும்னு யோசிங்க. அந்த விஷத்த உறைய வெச்சு ஈரத்த உறிஞ்சி பவுடராக்கி மருந்துக் கம்பெனிகளுக்கு விக்கறாங்க. அங்க அத குதிரைக்கு கொஞ்சம் கொஞ்சமா, சாகாத அளவு, அளவ கூட்டிக்கிட்டே போடறாங்க, குதிரை உடம்புல எதிர்ப்பு சக்தி உண்டாகுது, அந்த ரத்தத்துல இருந்து பிரிச்செடுக்கறதுதான் ஆஸ்பத்திரில ஏத்தற மருந்து. 1890கள்ல கால்மெட்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் இத முதல்ல செஞ்சார், வியட்நாம்ல சைகோன் பக்கம் வெள்ளத்துல நாகம் ஊருக்குள்ள வந்து கடிச்சதப் பார்த்துட்டு. 130 வருஷம் ஆகுது, இன்னிக்கும் அடிப்படை வேலை அதேதான், பாம்பைப் பிடிக்க ஒரு ஆளு வேணும், குதிரை வேணும்.

மருந்து கணக்கு ஒன்னு இருக்கு, டாக்டரா இருக்கற என் சிநேகிதன் சொன்னது, எல்லாரும் தெரிஞ்சுக்கணும். கண்ணாடி விரியன் ஒரு கடியில சராசரியா 63 மில்லிகிராம் விஷம் உள்ள இறக்குது. ஒரு குப்பி மருந்து 10 மில்லி, ஒரு மில்லி மருந்து 0.6 மில்லிகிராம் விஷத்தத்தான் முறிக்கும், அப்ப ஒரு குப்பிக்கு 6 மில்லிகிராம். அதனாலதான் முதல் தடவையே 8, 10 குப்பி ஏத்தறாங்க. குழந்தைக்கும் அதே அளவுதான், ஏன்னா பாம்பு சின்னப் பிள்ளைன்னு பார்த்து விஷத்த கம்மியா இறக்காது. "இத்தனை பாட்டில் ஏன் ஏத்தறீங்க"ன்னு டாக்டர்கிட்ட சண்டை போடற சொந்தக்காரங்களுக்கு இத சொல்லுங்க. ரத்தம் உறையுதான்னு பார்க்கறதுக்கு பெரிய மெஷின் கூட வேண்டாம், சுத்தமான காஞ்ச கண்ணாடி டியூப்ல 2 மில்லி ரத்தம் எடுத்து ஆட்டாம 20 நிமிஷம் வெச்சு சாய்ச்சுப் பார்ப்பாங்க, தண்ணியா ஓடினா விஷம் ஏறியிருக்குன்னு அர்த்தம். நம்ம அரசு ஆஸ்பத்திரில இந்த மருந்து இலவசம். கட்டு விரியன் கடிக்கு மட்டும் மருந்தோட நிக்காது, நரம்பு முனைய அது ஏற்கனவே கெடுத்திருந்தா மருந்தால அத திருப்ப முடியாது, நரம்பு தானா சரியாகற வரைக்கும் நாள் கணக்குல மூச்சுக் கருவியில வெச்சிருக்கணும், வெச்சிருந்தா எழுந்து நடந்து வீட்டுக்கு வந்துடுவாங்க. அதனால வெண்டிலேட்டர் இருக்கற ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க.

இந்த சங்கம் வந்த கதையும் தெரியணும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்க இருளருங்க காலங்காலமா பாம்பும் எலியும் பிடிக்கறவங்க. ஒரு காலத்துல பாம்புத் தோல் வெளிநாட்டுக்கு ஏத்துமதியாச்சு, இவங்க பிடிச்சுக் குடுக்கற தோலுக்கு கிடைச்சது சில்லறை. 1972ல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்து, அப்புறம் தோல் ஏத்துமதியும் நின்னதும் இவங்க பொழப்பே போச்சு. பாம்பைக் கொல்லாம அதே வித்தையில எப்படி சம்பாதிக்கலாம்னு பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கர் இவங்களோட சேர்ந்து உண்டாக்கினதுதான் இது, 1978ல பதிவு பண்ணாங்க. வனத்துறை எந்த இனத்துல எத்தனைன்னு அனுமதி குடுக்கும், அந்த எண்ணிக்கைக்கு மேல பிடிக்கக் கூடாது. பிடிச்ச பாம்பை மூணு நாலு வாரம் வெச்சிருந்து, வாரத்துக்கு ஒரு தடவை விஷம் எடுத்து, வயித்துச் செதில்ல ஒரு சின்ன அடையாளம் போட்டு திரும்பவும் காட்டுல விட்டுடறாங்க. அடையாளம் இருக்கறது சீக்கிரமே மறுபடி மாட்டினா விட்டுடுவாங்க. சட்டை உரிக்கறப்போ அந்த அடையாளம் கொஞ்சம் கொஞ்சமா மறைஞ்சுடும்.

இவங்க பிடிக்கற விதம் ஷோவுல வராது, கேட்டா சொல்றாங்க. கையில கடப்பாரை ஒன்னு, பை ஒன்னு. மண்ணுல பாம்பு போன தடம், பொந்து வாயில மண்ணு வழவழன்னு இருக்கா, சட்டை கிடக்கா, எச்சம் கிடக்கா, இத வெச்சே உள்ள இருக்கறது எது, இன்னிக்குப் போச்சா நேத்துப் போச்சான்னு சொல்லிடுவாங்க. பொண்ணுங்களும் போறாங்க. இந்த வித்தைக்காக 2017ல மாசி சடையன், வடிவேல் கோபால்னு ரெண்டு பேரை அமெரிக்கா ஃபுளோரிடாவுக்கே கூப்பிட்டாங்க, அங்க பர்மா மலைப்பாம்பு பெருகி சதுப்பு நிலத்துல இருக்கற முயல், மான் எல்லாத்தையும் தின்னு தீர்த்துக்கிட்டு இருந்துச்சு, கண்டுபிடிக்க முடியாம திணறிட்டிருந்தாங்க, இவங்க போய் தடத்தப் பார்த்தே பிடிச்சுக் குடுத்தாங்க. 2023ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. பையன்கிட்ட இத சொன்னப்போ அவன் அந்த அண்ணனைத் திரும்பிப் பார்த்த பார்வையே வேற.

ஒரு விஷயம் மட்டும் மனசுல உறுத்துது. இந்தியா முழுக்க போற மருந்துக்கு விஷம் பெரும்பாலும் இந்த ஒரு பள்ளத்துல இருந்துதான் வருது. ஆனா ஒரே நல்ல பாம்பா இருந்தாலும் தமிழ்நாட்டுல இருக்கறதோட விஷமும் பஞ்சாப், ராஜஸ்தான்ல இருக்கறதோட விஷமும் ஒன்னு இல்ல, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல இத விவரமா ஆராய்ச்சி பண்ணி, சில ஊர்க் கடிகளுக்கு இந்த மருந்து சரியா வேலை செய்யலன்னு காட்டியிருக்காங்க. கேரளா, குடகுப் பக்கம் இருக்கற மூக்கு தூக்கின குட்டைக் குழிவிரியனுக்கு இந்த மருந்து கேக்காது, இலங்கையிலயும் அதே பாம்பு நிறைய, அங்கயும் போடறது இந்தியாவுல செய்யற மருந்துதான். இதுல இருளருங்க மேல என்ன தப்பு, அவங்க வேலைய அவங்க சரியா செய்றாங்க. வடக்க, கிழக்க, மேற்கன்னு ஒவ்வொரு பக்கமும் இந்த மாதிரி ஒரு சங்கம் இருக்கணும், அந்தந்த ஊர் பாம்பு பிடிக்கறவங்கள வெச்சே. 2000ல இருந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்பு கடிச்சு செத்தவங்க 12 லட்சம் பேர்னு ஒரு ஆய்வுக் கணக்கு, வருஷத்துக்கு 58,000. ஆஸ்திரேலியாவுல வருஷத்துக்கு ரெண்டு பேர் மாதிரி, அத்தனை கொடிய பாம்பு இருந்தும். இங்க செத்தவங்க பாதிக்கு மேல ஜூன்ல இருந்து செப்டம்பருக்குள்ள, கிராமத்துல, பெரும்பாலும் வீட்டுலயேதான். 2024 நவம்பர்ல தமிழ்நாடு அரசு பாம்புக்கடி கேஸ் எதுவா இருந்தாலும் ஆஸ்பத்திரி கட்டாயம் தெரிவிக்கணும்னு கொண்டு வந்திருக்காங்க, இனிமேலாவது எங்க அத்தை மாதிரி "வயித்து வலி"ன்னு கணக்குல போகாம இருக்கட்டும்.

போறவங்களுக்கு சில விஷயம். காலைலயே போயிடுங்க, உச்சி வெயில்ல அந்த சுவரோரம் நிக்க முடியாது, தண்ணி பாட்டில் எடுத்துக்கோங்க. சின்னப் பிள்ளைங்கள சுவர் மேல உக்கார வெக்காதீங்க, நாங்க போனப்போ ஒருத்தர் செல்ஃபிக்காக மூணு வயசுக் குழந்தைய சுவர் மேல நிக்க வெச்சார், பள்ளத்துல அப்ப நல்ல பாம்பு ஓடிட்டு இருக்கு, அண்ணன் கத்தினதுக்கப்புறம்தான் இறக்கினார். கையில குடுங்க, தொட்டுப் பார்க்கறோம்னு கேக்காதீங்க. ஷோ ஒன்னு அரை மணி நேரம்தான், நாங்க மறுபடியும் டிக்கெட் எடுத்து ரெண்டாவது தடவையும் நின்னோம், ரெண்டாவது தடவைதான் நிறைய காதுல விழுந்துச்சு, ஏன்னா முதல் தடவை எல்லாரும் மாதிரி நானும் போன்லதான் பார்த்துட்டு இருந்தேன். கிராமத்துல சொந்தக்காரங்க இருக்கறவங்க அவங்களையும் கூட்டிட்டு போங்க, வீட்டுல பாம்பு கடிச்சா விஷம் ஏறிச்சான்னு வேப்பிலையும் மிளகும் வாயில போட்டு கசக்குதா காரம் தெரியுதான்னு பார்க்கற பழக்கம் இருக்கறவங்க இருந்தா முக்கியமா கூட்டிட்டு போங்க. கடிச்ச இடத்த கிழிக்காத, வாயால உறிஞ்சாத, கயித்தால இறுக்கிக் கட்டாத, காலையோ கையையோ அசையாம வெச்சு 108க்கு போன் பண்ணுன்னு அண்ணன் சொல்றப்போ நாம சொல்றத விட நல்லா ஏறும்.

திரும்பி வர பஸ்ல பையன் போன எடுக்கல. ஊருல தாத்தா இன்னும் தரையிலதான படுக்கறார்னு கேட்டான். ஆமாம்டான்னேன். அந்த வாரமே ஒரு நாடா கட்டிலும் கொசுவலையும் ஒரு நல்ல டார்ச் லைட்டும் வாங்கி ஊருக்கு எடுத்துட்டு போனோம், கொசுவலைய பாய்க்கு அடியில சுத்தி செருகணும்னு தாத்தாவுக்கு செஞ்சு காட்டினது அவன்தான்.